முதல் அடி ஒரு சொல்

(கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், நவீன் நினைவாகக் கூடிய குடும்பங்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வர முடியாத குடும்பங்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இங்கே தருகிறோம்.)

 இந்த உரையைப் பின்னர் வீட்டிலிருந்து படிப்பவர்களே, நீங்களும் எங்களோடு உட்கார்ந்திருப்பதாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் பலர் நேராக இங்கே வந்திருக்கிறீர்கள். சிலர் இன்னும் சீருடையிலேயே இருக்கிறீர்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்கு இரவு ஷிப்ட் போக வேண்டியவர்கள் மணியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். இன்று நாம் பேச வந்திருப்பது ஒரு பிள்ளையைப் பற்றி. பெயர் நவீன். வயது 18. இசை படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட பிள்ளை. நம் பினாங்கில், நம் தெருக்களில் வளர்ந்த பிள்ளை.

நடந்தது என்ன

2017 ஜூன் மாதம். நோன்புக் காலம். 9 ஆம் தேதி வெள்ளிக்கிழமை இரவு குளுகோர் பக்கத்தில் நவீன் தன் நண்பர் ஒருவரோடு பர்கர் வாங்கப் போனார். உங்கள் பிள்ளையும் என் பிள்ளையும் போகிற மாதிரி ஓர் இடம்தான். அங்கே ஒரு கும்பல் அவர்களைச் சூழ்ந்துகொண்டது. அதில் பழைய பள்ளித் தோழர்களும் இருந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. கேலியில் ஆரம்பித்தது. பிறகு கை ஓங்கியது. தலைக்கவசத்தால் அடித்தார்கள். நண்பர் காயத்தோடு தப்பிவிட்டார். நவீன் தப்பவில்லை.

மருத்துவமனைக்குக் கொண்டுவந்தபோது அவருக்குச் சுயநினைவு இல்லை. முதுகில் சூட்டுக் காயங்கள் இருந்தன. பெற்றவர்கள் முன்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாத கொடுமையின் அடையாளங்களும் உடலில் இருந்தன. மூளை செயலிழந்துவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஜூன் 15 ஆம் தேதி வியாழக்கிழமை பினாங்கு மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது.

அந்த ஒரு வாரம் இந்த ஊர் எப்படி இருந்தது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நாடே பேசியது. அமைச்சர்கள் பேசினார்கள். பத்திரிகைகள் எழுதின. கோயிலில் விளக்கேற்றினோம். அந்தத் தாயின் முகத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நம் வீட்டில் பலர் சாப்பிடவில்லை.

பிறகு இளைஞர்கள் மீது கொலைக் குற்றச்சாட்டு கொண்டுவரப்பட்டது. வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. யார் குற்றவாளி, யார் இல்லை என்பதை முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை. மேடையில் நின்றுகொண்டு நான் யாருக்கும் தீர்ப்பு எழுத மாட்டேன். நீங்களும் எழுத வேண்டாம். நீதிமன்றம் தொட முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. அதைத்தான் நான் பேசப்போகிறேன். அது உங்கள் வீட்டிலும் என் வீட்டிலும் இருக்கிறது.

அந்தச் சொல்

நவீன் அடிபட்டது ஒரு ராத்திரி. ஆனால் கேலி ஒரு ராத்திரியில் வந்தது இல்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவரைக் கேலி செய்தார்கள் என்று குடும்பத்தினர் சொன்னார்கள். என்ன சொல்லிக் கேலி செய்தார்கள்? மென்மையாக இருக்கிறான் என்று சொல்லி. 'பொண்டான்' என்று சொல்லி.

இந்தச் சொல்லை மேடையில் சொல்கிறேனே என்று சிலர் முகம் சுளிக்கிறீர்கள். சுளிக்க வேண்டியதுதான். ஆனால் இந்தச் சொல்லை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்? கல்யாண வீட்டில் நன்றாக ஆடுகிற பையனைப் பார்த்து மாமா ஒருவர் சொல்வார். பந்து விளையாட வராத பையனைப் பார்த்துத் தெருப் பையன்கள் சொல்வார்கள். அழுகிற பையனைப் பார்த்துப் பெற்ற அப்பாவே சொல்வார். 'பொட்டை' என்பார்கள், 'ஒம்போது' என்பார்கள். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். யாருக்கும் அது அடியாகத் தெரியாது. வாங்கிக்கொண்ட பிள்ளைக்கு மட்டும் தெரியும்.

நவீன் எப்படிப்பட்டவர், எப்படி நடந்தார், எப்படிப் பேசினார் என்றெல்லாம் சிலர் அன்று ஆராய்ச்சி செய்தார்கள். அந்த ஆராய்ச்சியே அநியாயம். ஒரு பிள்ளை மென்மையாகப் பேசினால் என்ன, முரட்டுத்தனமாகப் பேசினால் என்ன? உயிரோடு வீடு திரும்புவதற்கு அவன் எந்தத் தேர்விலும் தேற வேண்டியதில்லை.

நாம் நிற்கிற இந்தத் தெரு

இப்போது நாம் கூடியிருக்கும் தெருவின் பெயரைப் பாருங்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை. பெரியவர்கள் இன்னும் பிட் ஸ்திரீட் என்றுதான் சொல்வார்கள். 1801 இல் இங்கே பள்ளிவாசல் எழுப்பிய காதர் மொகிதீன் நம் தென்னிந்திய முஸ்லிம் சமூகத்தின் தலைவர். அவருக்குக் கிடைத்த பட்டம்தான் கப்பித்தான் கெலிங். கெலிங் மக்களின் தலைவர் என்று பொருள். கலிங்கம் என்ற பழைய நாட்டுப் பெயரிலிருந்து அந்தச் சொல் வந்தது என்று சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் அது வெறும் பெயர். தென்னிந்தியாவிலிருந்து கப்பலில் வந்த எல்லோரையும் குறிக்கும் பெயர்.

இன்று அந்தச் சொல்லை யாராவது உங்கள் பிள்ளையைப் பார்த்துச் சொன்னால் என்ன செய்வீர்கள்? உங்கள் ரத்தம் கொதிக்கும். பள்ளிக்கூட மைதானத்தில் 'கெலிங்' என்று கூப்பிடப்பட்ட பிள்ளை வீட்டுக்கு வந்து எப்படி இருக்கும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். சோறு இறங்காது. மறுநாள் வயிற்று வலி என்று சொல்லிப் பள்ளிக்குப் போகாது. ஒரு சொல்லுக்கு அவ்வளவு பலம் இருக்கிறதா என்று யாரும் நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நாம் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

2011 ஐ நினைத்துப் பாருங்கள். ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு 'இந்தர்லோக்' என்ற மலாய் நாவலைப் பாடமாக வைத்தார்கள். அதில் நம் மூதாதையரைச் சாதிச் சொல்லால் குறித்திருந்தார்கள். நாடு முழுவதும் நம் மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அது கதைதானே, எழுத்துதானே என்று சிலர் சொன்னார்கள். வகுப்பில் நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் அந்தச் சொல்லைச் சொல்லிச் சிரிப்பார்களே, அதற்கு யார் பொறுப்பு என்று நாம் கேட்டோம். நியாயமான கேள்வி. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த நூலைப் பாடத்திலிருந்து எடுக்கும் முடிவு வந்தது.

அதே கேள்வியைத்தான் இன்று நம்மைப் பார்த்துக் கேட்கிறேன். ஒரு சொல் நம் பிள்ளையைக் காயப்படுத்தும் என்று அரசாங்கத்திடம் போராடினோம். அப்படியானால் இன்னொரு சொல்லை நம் தெருவில், நம் வீட்டில், நம் பிள்ளை மேல் வீச எப்படி அனுமதித்தோம்? வெளியிலிருந்து வரும் சொல் மட்டும்தான் சுடுமா? நம் வாயிலிருந்து வருவது சுடாதா?

யார் கை என்று பார்த்தா அழுவது?

இன்னொரு பிள்ளையின் பெயரையும் இங்கே சொல்ல வேண்டும். ஆ. குகன். வயது 22. 2009 ஜனவரி 20 ஆம் தேதி சுபாங் ஜெயாவில் தாய்ப்பான் காவல் நிலையத்தில் இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்தது என்று சொன்னது. உடம்பில் இருந்த காயங்களைப் பார்த்த குடும்பத்தினர் அதை ஏற்கவில்லை. காயங்களைப் படம் எடுத்தார்கள். இரண்டாவது பரிசோதனை கேட்டு வாங்கினார்கள். அடிபட்டதால் வந்த மரணம் என்பது அதில் வெளிப்பட்டது. குடும்பம் சிவில் வழக்குப் போட்டது. 2013 ஜூன் மாதம் உயர்நீதிமன்றம் போலீஸ் தரப்பைப் பொறுப்பாக்கித் தீர்ப்புச் சொன்னது. நான்கு ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குடும்பம் விடவில்லை. நாமும் விடவில்லை. மெழுகுவர்த்தி ஏந்தினோம், மனுக் கொடுத்தோம், நீதிமன்ற வாசலில் நின்றோம்.

2007 நவம்பர் 25 ஆம் தேதி கோலாலம்பூர் தெருக்களில் நம் மக்கள் திரண்டு நின்றதும், கண்ணீர்ப் புகையையும் தண்ணீர் பீரங்கியையும் தாங்கிக்கொண்டதும் எதற்காக? எங்கள் உயிருக்கும் மதிப்பு உண்டு என்று சொல்லத்தான்.

சீருடை போட்ட கை நம் பிள்ளையை அடித்தால் என்ன முழக்கம் போடுவது என்று நமக்குத் தெரியும். யாரிடம் மனுக் கொடுப்பது என்றும் தெரியும். ஆனால் நவீன் விஷயத்தில், குற்றம் சாட்டப்பட்டவர்களும் நம் சமூகத்துப் பெயர்களைக் கொண்ட இளைஞர்கள். அப்போது நமக்கு முழக்கம் வரவில்லை. தலை குனிந்தது. 'நம்ம பிள்ளைகளே இப்படியா' என்று முணுமுணுத்தோம். 'வெளியே பேசினால் நமக்குத்தான் அவமானம்' என்றோம். சிலர் குண்டர் கும்பலுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். பயம் எனக்குப் புரிகிறது. ஒரே அடுக்குமாடியில் குடியிருக்கிறோம், ஒரே படிக்கட்டில் ஏறி இறங்குகிறோம். பயம் இல்லாமல் இருக்குமா?

ஆனால் ஒன்றை யோசியுங்கள். அடித்த கை யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் ஒரு பிள்ளைக்காக எழுந்து நிற்போம் என்றால், நாம் காப்பாற்றுவது பிள்ளையையா, நம் பெயரையா? உரிமை இயக்கம் என்று சொல்லிக்கொள்கிறோம். உயிர் வாழும் உரிமையைவிடப் பெரிய உரிமை எது? அந்த உரிமையைக் காவல் நிலையத்தில் மட்டும் கேட்டு, பர்கர் கடை வாசலில் கேட்காமல் விட்டால் அது அரை உரிமை.

அதே 2017 ஆம் ஆண்டுத் தைப்பூசத்தை நினைத்துப் பாருங்கள். இதோ பக்கத்தில் குயின் ஸ்திரீட் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து முதல் முறையாகத் தங்க ரதம் புறப்பட்டது. வெள்ளி ரதம் முன்னே போவதா, தங்க ரதம் முன்னே போவதா என்று எத்தனை தேநீர்க் கடைகளில் எத்தனை மணி நேரம் வாதம் நடந்தது! சாமிக்காகப் பேசுவதில் தவறு இல்லை. அந்தத் தைப்பூசம் முடிந்து நான்கு மாதத்தில் நவீனை இழந்தோம். ரதத்துக்குச் செலவழித்த மூச்சில் பாதியை இந்தப் பிள்ளைகளுக்குச் செலவழித்தால் போதும் என்கிறேன்.

கேலி எப்படி வளர்கிறது

இந்த நாட்டுத் தமிழில் இதற்குப் பகடிவதை என்று பெயர் வைத்திருக்கிறோம். நல்ல சொல். பகடி என்றால் கேலி. வதை என்றால் சித்திரவதை. கேலியும் வதையும் ஒன்றாகத்தான் வரும் என்று அந்தச் சொல்லே சொல்கிறது.

பகடிவதை செய்கிறவன் தனியாகச் செய்வதில்லை. அவனுக்குக் கூட்டம் வேண்டும். ஒருவன் சொல்வான், நான்கு பேர் சிரிப்பார்கள், பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். சிரிப்புதான் அவனுக்குக் கூலி. இன்று சொல்லுக்குச் சிரித்தால், நாளைக்கு அதே சிரிப்பை வாங்க அவன் தள்ளிப் பார்ப்பான். அதற்கும் சிரித்தால் அடித்துப் பார்ப்பான். சிரிக்க ஆள் இல்லாத இடத்தில் பகடிவதை நீண்ட நாள் நிற்காது. அதனால்தான் 'என் பிள்ளை அடிக்கவில்லையே, சும்மா பார்த்துக்கொண்டுதானே இருந்தான்' என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளையிடமும் நாம் பேச வேண்டும்.

வதைபடுகிற பிள்ளை ஏன் வீட்டில் சொல்வதில்லை? சொன்னால் என்ன நடக்கும் என்று அதற்குத் தெரியும். அப்பா, 'ஆம்பளையா இரு, திருப்பி அடி' என்பார். அம்மா, 'அந்தப் பசங்களோட சேராதே' என்பார். ஆசிரியர், 'சின்னப் பிள்ளைகள் விளையாட்டு' என்பார். மூன்று பேருமே கெட்டவர்கள் இல்லை. அப்பா இரண்டு வேலை பார்க்கிறார், அம்மா தொழிற்சாலையில் நிற்கிறார், ஆசிரியருக்கு நாற்பது பிள்ளைகள். ஆனாலும் மூன்று கதவும் மூடிவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும்?

அடையாளங்களைக் கவனியுங்கள். திடீரென்று பள்ளிக்குப் போக மறுப்பது. காசு தொலைந்தது, புத்தகம் தொலைந்தது என்று அடிக்கடி சொல்வது. கைப்பேசியைப் பார்த்ததும் முகம் மாறுவது. வழக்கமான வழியை விட்டுச் சுற்று வழியில் வீட்டுக்கு வருவது. விழுந்துவிட்டேன் என்று சொல்லும் காயம். இதில் எதைக் கண்டாலும் திட்டாமல் பக்கத்தில் உட்காருங்கள். அன்றைக்கே பதில் வராது. மூன்றாம் நாள் வரும்.

அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்

இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் போனால் என் பேச்சு முழுமையாகாது. நவீன் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் பதினெட்டு வயதுகூட ஆகாதவர்கள். அவர்களுக்கும் அம்மா உண்டு. அந்த அம்மாக்களும் நீதிமன்றத்துக்கு வந்தார்கள். குற்றம் நிரூபணமாகிறதோ இல்லையோ, பதினாறு பதினேழு வயதில் ஒரு பிள்ளை கொலை வழக்கில் கூண்டில் நிற்க நேர்ந்தால், அது அந்தக் குடும்பத்துக்கு மட்டும் வந்த துயரமா?

'ஆம்பளை' என்றால் பயமுறுத்துகிறவன் என்று நாம்தான் சொல்லிக்கொடுக்கிறோம். படிப்பில் பின்தங்கிய பையனுக்கு மரியாதை எங்கே கிடைக்கிறது? வகுப்பில் கிடைக்கவில்லை. வேலை கேட்டுப் போன இடத்தில் கிடைக்கவில்லை. கும்பலில் கிடைக்கிறது. ஓர் எண்ணும் ஒரு மோட்டார் சைக்கிளும் கொடுத்து, 'நீதான்டா தம்பி' என்று தோளைத் தட்டுகிறார்கள். அந்த மரியாதையைக் காப்பாற்ற, தன்னைவிட மெலிந்த ஒருவனைத் தேடுகிறான். அந்த மெலிந்தவனும் நம் வீட்டுப் பிள்ளை. இரண்டு பக்கமும் இழப்பு நமக்கே.

ஆகவே உங்கள் பிள்ளை வதைபடுகிறானா என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் பிள்ளை வதைக்கிறானா என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்வி கஷ்டமானது. ஆனால் அந்தக் கேள்வியைச் சரியான நேரத்தில் ஒரு வீட்டில் கேட்டால், இரண்டு வீட்டுப் பிள்ளைகள் பிழைப்பார்கள்.

இது நமக்கு மட்டும் வந்த நோய் இல்லை

அதே 2017 ஜூன் மாதம் 1 ஆம் தேதி, மலேசியத் தேசியத் தற்காப்புப் பல்கலைக்கழகத்தில் படித்த கடற்படைப் பயிற்சி மாணவர் சுல்பர்ஹான் ஒஸ்மான் இறந்தார். வயது 21. மடிக்கணினியைத் திருடிவிட்டார் என்று சொல்லி, உடன் படித்தவர்கள் இஸ்திரிப் பெட்டியால் உடம்பெல்லாம் சூடு வைத்தார்கள். அந்த வழக்கும் ஒவ்வொரு நீதிமன்றமாக ஏறியது. 2025 இல் கூட்டரசு நீதிமன்றம் ஆறு பேருக்கு 18 ஆண்டுச் சிறை விதித்தது. இரண்டு வாரத்துக்குள் ஒரு மலாய்க் குடும்பமும் ஒரு தமிழ்க் குடும்பமும் ஒரே மாதிரி வதைபட்ட பிள்ளையை வழியனுப்பின. அந்த இரண்டு தாய்மாரின் கண்ணீரில் இன வேறுபாடு கண்டுபிடிக்க முடியுமா?

2024 ஜூலையில் ஈஷா என்று எல்லோரும் அறிந்த ராஜேஸ்வரியை இழந்தோம். டிக்டாக்கில் அவரைக் கேவலப்படுத்தினார்கள், மிரட்டினார்கள். அவர் போலீசில் புகாரும் செய்திருந்தார். ஆனாலும் தாங்க முடியாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த விவகாரத்தில் ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 100 ரிங்கிட். அப்போதிருந்த சட்டத்தில் அவர் மீது போட்ட குற்றச்சாட்டுக்கு அதிகபட்சமே அதுதான். ஒரு வண்டிக்குப் போடும் சம்மனைவிடக் குறைவு என்று நாடே கொதித்தது.

அந்தக் கொதிப்பு வீண் போகவில்லை. 2024 டிசம்பரில் நாடாளுமன்றம் குற்றவியல் சட்டத்தைத் திருத்தியது. 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, 2025 ஜூலை 11 ஆம் தேதி நடைமுறைக்கு வந்தன. மிரட்டும், இழிவுபடுத்தும் சொல்லால் ஒருவரை வேண்டுமென்றே துன்புறுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். துன்புறுத்தித் தற்கொலைக்குத் தூண்டினால் பத்து ஆண்டு வரை. சொல்லும் அடிதான் என்று இந்த நாட்டுச் சட்டமே இப்போது ஒப்புக்கொள்கிறது. நாம் ஒப்புக்கொள்ள இன்னும் எத்தனை நாள்?

நாளைக் காலையில் செய்ய வேண்டியவை

கூட்டம் போட்டோம், அழுதோம், கலைந்தோம் என்று இருக்கக் கூடாது. ஆகவே சில காரியங்களைச் சொல்கிறேன். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, வீட்டில் அந்தச் சொற்களை நிறுத்துங்கள். கேலிக்குக்கூட வேண்டாம். விருந்தாளி சொன்னால், மாமா சொன்னால், முதலாளி சொன்னாலும் சரி, சிரிக்காதீர்கள். 'இந்த வீட்டில் அப்படிச் சொல்லக் கூடாதுங்க' என்று சொல்லுங்கள். உங்கள் பிள்ளை பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, பள்ளியில் புகார் செய்யும்போது வாயால் மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுதிக் கொடுங்கள். தேதி போடுங்கள். என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். ஒரு நகலில் பள்ளி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மலாய் எழுத வராது என்றால் பக்கத்து வீட்டில் படிக்கும் பிள்ளையைக் கூப்பிடுங்கள், எங்களைக் கூப்பிடுங்கள். எழுத்தில் இருப்பதை யாரும் 'எங்களுக்குத் தெரியாது' என்று சொல்ல முடியாது.

மூன்றாவது, கைப்பேசியில் வந்த மிரட்டலை ஆத்திரத்தில் அழித்துவிடாதீர்கள். அதுதான் சாட்சி. திரையைப் படம் எடுத்து வையுங்கள். அடிபட்ட பிள்ளையை முதலில் அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். என்ன நடந்தது என்று மருத்துவரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். 'கீழே விழுந்துவிட்டான்' என்று மானத்துக்காகச் சொன்னால், அந்தப் பொய்யும் மருத்துவக் குறிப்பில் ஏறிவிடும்.

நான்காவது, போலீஸ் புகார். புகாரின் நகலைக் கேட்டு வாங்குங்கள். புகார் எண்ணையும் விசாரணை அதிகாரியின் பெயரையும் குறித்து வையுங்கள். பலருக்குத் தெரியாத ஓர் உரிமை உங்களுக்கு இருக்கிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் 107ஏ பிரிவின்படி, புகார் கொடுத்தவர் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்கலாம். போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, புகார் கொடுத்து நான்கு வாரம் ஆகியிருந்தால், நீங்கள் கேட்ட இரண்டு வாரத்துக்குள் நிலவரத்தைத் தெரிவிக்க வேண்டும். 'போய்விட்டு வாங்க, கூப்பிடுவோம்' என்று சொன்னால் இந்தப் பிரிவைச் சொல்லுங்கள். மரியாதையாகச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்.

ஐந்தாவது, பேச ஆள் இல்லாத பிள்ளைக்கு 15999 என்ற எண்ணைக் கொடுத்து வையுங்கள். தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண். இரவிலும் எடுப்பார்கள். குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். யாருக்கு என்று கேட்காதீர்கள்.

ஆறாவது, இழந்த குடும்பத்தைத் தனியாக விடாதீர்கள். நம் ஊரில் துக்க வீட்டுக்குப் பதினாறு நாள் வரை ஆள் வரும். முஸ்லிம் சகோதரர்கள் வீட்டில் நாற்பது நாள் வரை ஓதுவார்கள். அதற்குப் பிறகு? வழக்கு ஐந்து ஆண்டு, ஆறு ஆண்டு என்று போகும். ஒவ்வொரு தவணைக்கும் அந்தத் தாய் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு நீதிமன்ற நாற்காலியில் போய் உட்கார வேண்டும். அன்றைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தால் அதுதான் ஆறுதல். வட்டாரத்துக்கு ஐந்து பேர் முறை வைத்துக்கொள்வோம். மாதத்தில் ஒரு நாள், ஒருவர். அவ்வளவுதான் கேட்கிறேன்.

கடைசியாக ஒன்று

இந்தச் சாலையில் பள்ளிவாசல் இருக்கிறது. சற்றுத் தள்ளிக் குவான் யின் கோயில் இருக்கிறது. மாரியம்மன் கோயிலின் பின்புறம் இந்தத் தெருவைத்தான் பார்க்கிறது. தெரு முடிகிற பக்கத்தில் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளாக ஒருவர் வழிபாடு இன்னொருவர் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. யாரும் யாரையும் என்னைப் போல மாறு என்று கேட்கவில்லை. உன் விதத்தில் நீ கும்பிடு, என் விதத்தில் நான் கும்பிடுகிறேன் என்று வாழ்ந்து காட்டிய தெரு இது. சாமி விஷயத்தில் இவ்வளவு பெரிய மனது உள்ள நமக்கு, ஒரு பையன் நடக்கிற விதத்தையும் பேசுகிற விதத்தையும் பொறுத்துக்கொள்ள முடியாதா?

நாளைக்கு உங்கள் அடுக்குமாடியின் கீழே நான்கு பையன்கள் ஒரு பையனைச் சூழ்ந்துகொண்டு சிரிப்பதைப் பார்ப்பீர்கள். அவசரமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். நம் பிள்ளை இல்லையே என்று தோன்றும். தயவு செய்து நில்லுங்கள். 'என்னடா தம்பி, என்ன விஷயம்?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பெரியவர் ஒருவர் நின்று கேட்டாலே பாதிக் கூட்டம் கலைந்துவிடும். அந்தப் பையனை வீடு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள். வேலைக்குப் பத்து நிமிடம் தாமதமாகும். பரவாயில்லை.